கண்ணீர் போதுமான அளவு, எரிச்சல் மட்டும் ஏன்?
இமைக்குள் தாள் பட்டை வைத்துக் கண்ணீரை அளக்கும் ஷிர்மர் சோதனையில் கண்ணீர் சரியாக இருந்தும், மின்விசிறிக் காற்று பட்டாலே கண் எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வலி கற்பனை அல்ல. கருவிழி நரம்புகளையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நரம்புகளைப் பெரிதாக்கிக் காட்டும் கன்ஃபோகல் மைக்ராஸ்கோப்பி சோதனையில் மரப்புச் சொட்டு விட்டு, கருவி முனையைக் கருவிழியில் மெல்லத் தொடவைத்து, பக்கத்துக்கு 0.4 மில்லிமீட்டர் உள்ள சதுரப் பரப்பைப் படமெடுப்பார்கள். நலமான கண்ணில் நரம்புகள் கறுப்புப் பின்னணியில் நீண்ட வெள்ளை இழைகளாக ஓடும். உலர்கண் உள்ள பலருக்கு அவை குறைந்து, நெளிந்து தெரியும். நீரிழிவிலும் அப்படி ஆகும். உங்களுக்கு நீரிழிவு இருந்தால் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

இந்தக் கருவி பெரிய கண் மருத்துவமனைகளில்தான் இருக்கும். அதற்கு முன், மருத்துவர் மரப்புச் சொட்டு விடும்போது எரிச்சல் அடங்குகிறதா என்று கவனியுங்கள். அடங்காவிட்டால் கோளாறு கண்ணின் மேற்பரப்போடு நிற்கவில்லை என்று சந்தேகிக்கலாம். அந்தச் சொட்டை வாங்கி வீட்டில் நீங்களே போடாதீர்கள், கருவிழி புண்ணாகிவிடும்.