பூனைக்காலிப் பொடியும் அப்பாவின் மாத்திரையும்

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு 72 வயது. நடுக்குவாதம் (பார்க்கின்சன் நோய்) வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மூளை நரம்பணுக்கள் சிதைவதை மூலிகைச் சேர்மங்களால் தடுக்க முடியுமா என்று ஒரு மருந்தியல் பேராசிரியர் ஆராய்வதாக நாளிதழில் படித்தார். அன்றிலிருந்து மாத்திரை வேண்டாம், பூனைக்காலிப் பொடியும் வல்லாரையும் போதும் என்கிறார். "செடியில் இருப்பது என்ன கெடுத்துவிடும்?" என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

க., மன்னார்குடி

அன்புள்ள க.,

நான் மருத்துவன் அல்லன், வாசிக்கிறவன். உங்கள் அப்பா சொல்வதில் பாதி உண்மை இருப்பதால்தான் மறுப்பது கடினமாக இருக்கிறது.

பூனைக்காலி விதையில் லெவோடோபா இருக்கிறது; மூளைக்குள் போய், இந்த நோயில் குறைந்துபோகும் டோபமின் என்ற வேதிப்பொருளாக மாறும் மருந்து அது. அவருடைய மாத்திரையிலும் பெரும்பாலும் அதுவேதான் இருக்கும். (சிறு வயதில் வேலியோரம் அந்தக் காயைத் தொட்டுவிட்டு இரவெல்லாம் சொறிந்தவன் நான், அதற்குள் இப்படி ஒரு சரக்கு இருப்பது அன்று யாருக்குத் தெரியும்!) லண்டனில் 8 நோயாளிகளுக்கு இந்தப் பொடியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2004இல் வெளியானது. மாத்திரையைவிடச் சீக்கிரம் வேலை செய்தது, பலனும் கூடுதல் நேரம் நின்றது. ஆனால் எட்டே பேர். அதுவும் அளந்து கொடுத்து, கூடவே இருந்து கவனித்தது. கும்பகோணத்து நாட்டு மருந்துக் கடையில் மடித்துத் தரும் பொட்டலத்தில் எவ்வளவு லெவோடோபா என்று கடைக்காரருக்கே தெரியாது. விதைக்கு விதை மாறும்.

மாத்திரையில் கார்பிடோபா என்று ஒரு துணை மருந்தும் சேர்ந்திருக்கும். லெவோடோபா மூளைக்குப் போகும் முன்னரே உடம்பில் டோபமினாக மாறி வீணாகாமல் அது பார்த்துக்கொள்ளும். வழியில் உடைப்பெடுக்காமல் கடைமடைவரை தண்ணீர் கொண்டுபோகிற வேலை என்றால் அப்பாவுக்குச் சட்டென்று புரியும். பொடியில் அது கிடையாது. லெவோடோபா மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் தசை இறுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இதை மட்டும் இன்றே சொல்லிவிடுங்கள்.

செடி என்ன கெடுத்துவிடும் என்கிறாரே, ரொட்டினோன் என்று ஒரு பொருள் இருக்கிறது. சில கொடிகளின் வேரில் கிடைப்பது. அதைக் குளத்தில் கலந்து மீன் பிடித்தார்கள். 'இயற்கைப் பூச்சிக்கொல்லி' என்று தோட்டங்களில் தெளித்தார்கள். அதை எலிகளுக்குத் தொடர்ந்து செலுத்தினால் நடுக்குவாதம் போன்ற நோய் வருகிறது என்று 2000இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். இன்று மூலிகைச் சேர்மங்களைச் சோதிக்கும் ஆய்வகங்கள் பலவற்றில் எலிக்கு முதலில் நோயை வரவழைப்பதே இந்த ரொட்டினோன்தான். கெடுப்பதும் செடிச்சரக்கு, காக்குமா என்று பார்ப்பதும் செடிச்சரக்கு.

பேராசிரியரின் வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஸ்னோடிராப் என்ற குளிர்நாட்டுப் பூச்செடியின் கிழங்கிலிருந்து 1950களில் பிரித்தெடுத்த கேலன்டமின், மறதிநோய் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2001இல். செல்லில் பலித்தது எலியிலும், எலியில் பலித்தது மனிதரிலும் பலிக்க வேண்டும். பெரும்பாலானவை நடுவழியிலேயே நின்றுவிடுகின்றன. நாளிதழ்த் தலைப்புக்கு அந்தப் பொறுமை ஏது?

வல்லாரைத் துவையல் தாராளமாகச் சாப்பிடட்டும், துவையலாகவே சாப்பிடட்டும். பொடியை இதற்குள் ஆரம்பித்திருந்தால், பொட்டலத்தோடு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மாத்திரையும் பொடியும் சேர்ந்தால் அளவு மீறி, கை கால்கள் தாமாகவே நெளிய ஆரம்பிக்கலாம்.

இன்னொன்று: மாத்திரையை அவர் எப்போது விழுங்குகிறார்? பருப்பு, முட்டை, தயிர் என்று புரதம் மிகுந்த சாப்பாட்டோடு சேர்ந்தால் லெவோடோபா சரியாக ஏறாது. மாத்திரை மேல் அவருக்கு நம்பிக்கை போனதற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம். கேட்டு எழுதுங்கள்.