மேன் பக்கம் எங்கே போனது?

அன்புள்ள அண்ணா,

டாக்கரில் (கணினிக்குள் தனிப் பெட்டி போல ஓடும் சூழல்) உபுண்டு என்ற லினக்ஸ் வகையை எடுத்து லினக்ஸ் பழகுகிறேன். கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கட்டளைக்குக் கையேடு காட்டச் சொல்லி ‘மேன் எல்எஸ்’ என்று தட்டினால் கையேடு வரவில்லை, சிஸ்டம் சுருக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு செய்திதான் வருகிறது. எப்படிச் சரிசெய்வது? இணையம் இருக்கும்போது மேன் எதற்கு என்கிறார்கள் நண்பர்கள். பேசாமல் ஆர்ச் என்ற இன்னொரு லினக்ஸ் வகைக்கு மாறிவிடட்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அந்தச் செய்தியை முழுக்க வாசித்தீர்களா? ‘அன்மினிமைஸ்’ என்ற கட்டளையை ஓட்டு என்று அதிலேயே இருக்கிறது. அந்தக் கட்டளையே இல்லை என்றால், மென்பொருள் நிறுவும் ஆப்டில் அதே பெயரில் கிடைக்கும். மேன் கட்டளையைத் தரும் மேன்-டிபி பேக்கேஜை மட்டும் நிறுவினால் பழைய செய்திதான் வரும். இடம் மிச்சம் பிடிக்க, கையேட்டுப் பக்கங்களை விட்டுவிடும்படி, பேக்கேஜ்களைப் பிரித்து வைக்கும் டிபிகேஜிக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த ஏற்பாட்டை நீக்கி, இருக்கும் பேக்கேஜ்களை மறுபடி நிறுவினால்தான் பக்கங்கள் வரும். அன்மினிமைஸ் செய்வது அதைத்தான். ஆர்ச் பேச்சை இப்போதைக்கு விடுங்கள்.

உங்கள் நண்பர்கள் சொன்னதுதான் மனதை உறுத்துகிறது. நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், முதல் தேதி திங்கட்கிழமையாக வந்தால் மட்டும் பழைய கோப்புகளை அழிக்க வேண்டும் என்று குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே ஓட்டும் கிரானில் ஒரு வரி போட்டேன்: 0 2 1 * 1 (இரவு 2 மணி, 1ஆம் தேதி, எந்த மாதமும், திங்கள்). இணையத்தில் எங்கோ பார்த்து எடுத்தது. இரண்டு வாரம் கழித்துக் கணக்குப் பிரிவு அக்கா வந்து, “தம்பி, போன வாரக் கோப்பைக் காணோமே” என்றார். ஒவ்வொரு திங்களும் அழித்திருக்கிறது.

கிரான் வரிகளை எழுத உதவும் கிரான்டேப்புக்கு ‘மேன் கிரான்டேப்’ பார்த்தேன், கட்டளையைப் பற்றித்தான் இருந்தது. கூட இருந்த பெரியவர் ஒருவர் நடுவில் 5 சேர்த்துத் தட்டினார். கையேட்டின் பிரிவு எண் அது: 1 என்றால் கட்டளைகள், 5 என்றால் கோப்பு வடிவங்கள். அங்கே எழுதியிருந்தது: தேதி, கிழமை இரண்டையும் குறிப்பிட்டால், ஏதாவது ஒன்று பொருந்தினாலே வேலை ஓடும். அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை எனக்கு.

தம்பி, இணையத்தில் இருப்பது யாரோ ஒருவருடைய மெஷினுக்கான பதில். மேனில் இருப்பது உங்கள் மெஷினில் நிறுவியிருக்கும் அதே பதிப்புக்கான பதில். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. 1971 நவம்பர் 3 தேதியிட்டு கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தந்த யுனிக்ஸின் (லினக்ஸுக்கு முன்னோடி) முதல் கையேட்டிலேயே ‘பக்ஸ்’, அதாவது பிழைகள், என்று ஒரு பகுதி உண்டு. தன் நிரலின் குறையைத் தானே எழுதி வைத்த மனிதர்கள். அதை வாசிக்காமல் எதற்கு என்று கேட்டால் கோபம் வராதா?

அன்மினிமைஸ் முடியக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், பாதியில் நிறுத்திவிடாதீர்கள். முடிந்ததும் ‘மேன் மேன்’ என்று தட்டுங்கள், அந்தப் பிரிவு எண்களின் பட்டியல் அதிலேயே இருக்கிறது. வெளியே வர க்யூ விசையைத் தட்டுங்கள்.