மார்ச் 31-க்குள் முடியாத ஏலக்கூடம்: ஓர் இளம் பொறியாளருக்குப் பதில்

கேள்வி: இராமநாதபுரம் மாவட்டத்தில் பாக் நீரிணையை ஒட்டிய ஒரு கிராமத்தில் மீன் ஏலக்கூடமும் வலை பின்னும் கூடமும் கட்டும் அரசுப் பணியை உதவிப் பொறியாளராகக் கவனிக்கிறேன். நவம்பரில் பணி ஆணை கொடுத்தோம். ஜனவரி பாதி ஆகியும் அஸ்திவாரம் முடியவில்லை. பாதி இடத்தில் பெண்கள் கருவாடு காய வைக்கிறார்கள், நகர மறுக்கிறார்கள். மார்ச் 31-க்குள் முழுத் தொகையும் செலவாக வேண்டும் என்று மேலிருந்து நெருக்குகிறார்கள். கணினியில் போட்ட கால அட்டவணை எதற்கும் உதவவில்லை. என்ன செய்வது?

பதில்: எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. முடிந்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தில் செய்யாத வேலையை எழுதாதீர்கள். மார்ச் கடைசி வாரத்தில் அந்த வற்புறுத்தல் நிச்சயம் வரும். “பணத்துக்கான பட்டியலைப் போட்டுவிடுங்கள், வேலையை ஏப்ரலில் முடித்துக்கொள்ளலாம்” என்பார்கள். அப்படிச் சொன்னவர் சில மாதங்களில் மாறுதலில் வேறு ஊருக்குப் போய்விடலாம். கையெழுத்து உங்களுடையது, தணிக்கையில் நிற்கப்போவதும் நீங்கள்தான்.

அதைத் தவிர்க்க இந்த ஜனவரியிலேயே ஒரு கடிதம் எழுதுங்கள். மார்ச்சுக்குள் உண்மையில் எவ்வளவு வேலை நடக்கும், அதற்கு எவ்வளவு தொகை, மீதி எவ்வளவு என்பதை உதவி செயற்பொறியாளருக்கு எழுத்தில் கொடுங்கள். மீதியை அடுத்த நிதியாண்டு ஒதுக்கீட்டில் கேட்க அவர்களுக்கும் அவகாசம் வேண்டும். மார்ச் 25-ஆம் தேதி சொன்னால் உங்கள்மேல் அன்பு உள்ள அதிகாரியால்கூட உதவ முடியாது.

அடுத்தது இடம். உங்கள் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. நிலம் யாருடையது என்பது ஒரு கேள்வி. அதை யார் புழங்குகிறார்கள் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் பதில் கிடைக்கும். இரண்டாவதற்குக் கரையில் போய் நிற்க வேண்டும், அதுவும் சரியான பருவத்தில். நான் பணியில் சேர்ந்த புதிதில், வடகடல் (பாக் நீரிணை) பக்கம் ஒரு கட்டடத்துக்கு ஜூலை மாதம் இடம் பார்த்தேன். கரை வெறிச்சோடிக் கிடந்தது. புல வரைபடமும் புறம்போக்கு என்றது. ஒப்பந்தப்புள்ளி கோரி, நவம்பரில் ஒப்பந்ததாரருடன் போய்ப் பார்த்தால் அந்த இடம் முழுக்க வல்லங்கள், அதாவது நாட்டுப்படகுகள்! வாடைக்காற்றில் வடகடல் கொந்தளிக்கும்போது வல்லங்களை இழுத்து ஏற்றிவைக்க அந்த ஊருக்கு இருந்த ஒரே மேடு அதுதான். ஆறு மாதம் போயிற்று. ஊர்க்காரர்கள்மேல் ஒரு தவறும் இல்லை. நான்தான் அவர்களைக் கேட்கவில்லை.

உங்கள் ஊர்ப் பெண்களையும் அப்படித்தான் பார்க்கிறேன். அவர்கள் காலி செய்தால் அன்றைய கருவாட்டை எங்கே காய வைப்பார்கள்? அதற்கு விடை சொல்லாமல் நோட்டீஸ் கொடுக்காதீர்கள். ஊர்த் தலைவரிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பவும் வேண்டாம். அன்றைய மீன் ஏலம் முடிந்த பிறகு, அந்தப் பெண்களிடமே உட்கார்ந்து பேசுங்கள். அருகில் தற்காலிக இடத்தை அவர்களே காட்டட்டும். அதுவரை காலியாக உள்ள பாதியில் வலை பின்னும் கூடத்தைத் தொடங்குங்கள். எந்தத் தேதியில் எவ்வளவு இடம் ஒப்பந்ததாரரிடம் ஒப்படைக்கப்பட்டது, எது தடையாக இருந்தது என்பதை அன்றன்றே பதிவு செய்யுங்கள். பிறகு கால நீட்டிப்புக் கேட்கும்போது அந்தப் பக்கங்கள்தான் உங்களுக்காகப் பேசும்.

கால அட்டவணையைத் தூக்கி எறிய வேண்டாம். அது அஸ்திவாரத்தில் தொடங்குகிறது, அதுதான் குறை. இடம், அனுமதி, கையெழுத்துகள் ஆகியவற்றிலிருந்து தொடங்கி மறுபடி போடுங்கள். எந்தக் கோப்பு யார் மேசையில் எத்தனை நாள் தங்கும் என்பதற்கும் அதில் வரி வேண்டும். கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி கோப்பில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அடுத்த பணிக்கு முன்கூட்டியே கணக்குப் போடுங்கள்: தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மை விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் ஒப்பந்தப்புள்ளி கொடுக்க அவகாசம் தர வேண்டும்.

கடலின் நாள்காட்டியையும் அதில் சேருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் இறங்கும் துறையானால் ஏலக்கூட வேலைக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. நாட்டுப்படகு ஊரானால் அந்த நாட்களிலும் மீன் வந்துகொண்டிருக்கும். உங்கள் ஊர் எது என்பதைப் பொறுத்துத் திட்டமிடுங்கள். தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் பணி வந்தால் கணக்கே மாறும். அங்கே கடல் சீறுவது தென்மேற்குப் பருவக்காற்றில்.

தண்ணீரை விட்டுவிடாதீர்கள். நம் கரையோரக் கிணறுகளில் பலவும் உவர்நீர். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர விதி 456. கடல் நீர் தெறிக்கும் இடத்தில் எம் 35 என்ற வலிமைத் தரக் கான்கிரீட்டும், கம்பிக்கு மேல் 50 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடலும் கேட்கிறது. நல்ல தண்ணீரை லாரியில் கொண்டுவரும் செலவு மதிப்பீட்டில் இல்லையென்றால், மார்ச் நெருக்கடியில் ஒப்பந்ததாரர் பக்கத்துக் கிணற்றைத்தான் நாடுவார். சில வருடங்களில் கம்பி துருப்பிடித்துத் தூண் வெடிக்கும்.

அந்தப் பெண்களைச் சந்திக்கப் போகும்போது கட்டட வரைபடத்தையும் எடுத்துச் செல்லுங்கள். கருவாடு உலர்த்த மேடை எங்கே என்று கேட்பார்கள். வரைபடத்தில் அது இல்லையென்றால், கூடுதல் பணிக்கான ஒப்புதலை அந்த ஜனவரிக் கடிதத்திலேயே சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.