3,500 புள்ளியும் இரண்டாவது கையெழுத்தும்

கேள்வி: நானும் என் மனைவியும் கடலூரில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். போன ஆண்டுக்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ஒரு குலுக்கல் கூப்பனை நிரப்பிக் கொடுத்தோம். பரிசு விழுந்ததாகச் சொல்லி ஓட்டலுக்கு அழைத்தார்கள். நான்கு மணி நேரம் உட்காரவைத்து, "இன்று மட்டும் இந்த விலை" என்று பேசிப் பேசி, 25 ஆண்டுகளுக்கான விடுமுறை உறுப்பினர் திட்டத்தில் ஆண்டுக்கு 2,100 புள்ளிகளை (அறை எடுக்கும்போது கழிக்கப்படுபவை) 3,60,000 ரூபாய்க்கு விற்றுவிட்டார்கள். முன்பணம் 72,000 ரூபாய்க்காக மனைவியின் வளையல்களை அடகு வைத்தேன். மீதிக்கு ஒரு நிதி நிறுவனத்தின் மூலம் மாதம் 8,000 ரூபாய் வீதம் 36 தவணை, 20 கட்டிவிட்டேன். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணமும் இரண்டு முறை, குறித்த தேதிக்குள் கட்டினேன். "எந்த மாதமும், எந்த மலை ஊரும், வருடத்துக்கு ஏழு நாள்" என்று வாயாரச் சொன்னார்கள். போன மே மாதம் கேட்டால் இடமில்லை. இந்த மே மாதம் கேட்டால் புள்ளி போதாது, 3,500 ஆக உயர்த்திக்கொள்ளுங்கள், கூடுதலாக 2,40,000 ரூபாய்தான் என்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே ஓட்டலுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மனைவி என்னோடு பேசுவதில்லை. 3,500 போதுமா, அல்லது ஒரே அடியாக 5,000 வாங்கிவிடலாமா? தவணையை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்?

பதில்: வளையல், நான்கு மணி நேரம், மனைவியின் கோபம், விற்பனையாளரின் சிரிப்பு எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு, நீங்கள் அனுப்பிய ஒப்பந்த நகலின் ஏழாம் பக்கத்தைத் திருப்புங்கள். பதினோராவது பத்தி. "ஓர் உறுப்பினர் ஆண்டில் பயன்படுத்தாத புள்ளிகள், பராமரிப்புக் கட்டணம் உரிய தேதிக்குள் செலுத்தப்பட்டிருந்தால், அடுத்த உறுப்பினர் ஆண்டின் இறுதிவரை செல்லும்."

உங்கள் வழக்கு முழுவதும் இந்த ஒரு வரிதான்.

போன ஆண்டு இடமில்லை என்றார்கள். நீங்கள் ஒரு புள்ளியும் செலவழிக்கவில்லை. கட்டணத்தைத் தேதிக்குள் கட்டிய ரசீதும் இருக்கிறது. ஆகவே இப்போது உங்கள் கணக்கில் இருக்க வேண்டியது 4,200. பிற்சேர்க்கையில் உள்ள பருவ அட்டவணைப்படி, மே மாதத்தில் ஒரு படுக்கையறை வீட்டுக்கு வாரநாள் இரவுக்கு 450 புள்ளி, வெள்ளி சனி இரவுகளுக்கு 600. ஏழு இரவுக்கு 2,250 கூட்டல் 1,200, மொத்தம் 3,450. கையில் 4,200 இருப்பவரிடம் புள்ளி போதாது என்று சொல்லி, 3,500 ஆக உயர்த்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். தெரியாமல் சொன்னார்களா, தெரிந்தே சொன்னார்களா என்பது எனக்கு முக்கியமில்லை. எழுத்தில் சொன்னார்களா என்பதுதான் முக்கியம். தொலைபேசியில் மட்டும் சொல்லியிருந்தால், இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். மூன்று ஊர்களைக் குறிப்பிட்டு, பள்ளி திறப்பதற்குள் ஏழு இரவு வேண்டும், பதினோராவது பத்தியின்படி என் கணக்கில் உள்ள 4,200 புள்ளிகளிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள், கூடவே புள்ளி இருப்புப் பட்டியலையும் அனுப்புங்கள் என்று நாலு வரி போதும். அதில் கோபம் வேண்டாம். அறை கிடைத்தால் போய்விட்டு வாருங்கள். மறுத்தால் அந்தப் பதில்தான் உங்கள் முதல் சான்றாவணம்.

"எந்த மாதமும் ஏழு நாள்" என்று சொன்னார்களே என்பீர்கள். அட்டவணையைப் பாருங்கள். மழைக்காலத்தில், சிறிய அறைக்கு, இரவுக்கு 300. ஏழு இரவுக்கு 2,100. விற்பனையாளர் சொன்ன ஏழு நாள் அதுதான். பள்ளி ஆசிரியரால் ஜூலையில் ஏழு நாள் போக முடியாது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் எழுத்தில் உள்ள ஒப்பந்தத்துக்கு எதிராக வாய்ப்பேச்சைச் சாட்சியமாகக் கொண்டுவருவது கடினம். சாட்சியச் சட்டம் பெயர் மாறிய பிறகும் அந்த விதி மாறவில்லை. அதை நம்பி வழக்கைக் கட்டாதீர்கள். பிறகு இரண்டு மடங்கு விலைக்கு விற்கலாம் என்று சொல்லியிருந்தால் அதையும் மறந்துவிடுங்கள். உங்கள் புள்ளிகளை வாங்க ஆள் இருக்கிறது, தடையில்லாச் சான்றுக்கு மட்டும் முன்பணம் அனுப்புங்கள் என்று யாராவது அழைத்தால், தொலைபேசியை வைத்துவிட்டு 1930க்குப் புகார் சொல்லுங்கள்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். என்னிடம் வந்த கட்சிக்காரர்கள் பெரும்பாலும் விழுந்த குழி இதுதான், முதல் கையெழுத்தில் விழுந்தவர்கள் குறைவு.

உயர்த்திக்கொள்வது என்றால் பழைய புள்ளிகளோடு 1,400ஐக் கூட்டிப் போடுவது என்று நினைக்கிறீர்கள். அவர்கள் நீட்டும் தாள் புதிய ஒப்பந்தம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, 62ஆம் பிரிவு: பழைய ஒப்பந்தத்துக்குப் பதிலாகப் புதியதைச் செய்துகொண்டால் பழையதை நிறைவேற்ற வேண்டியதில்லை. புதிய உறுப்பினர் எண், புதிய தொடக்கத் தேதி. 25 ஆண்டும் பெரும்பாலும் மறுபடி முதலிலிருந்து எண்ணப்படும். உங்கள் பழைய 4,200 புள்ளி எந்தத் தாளிலும் இருக்காது. கடைசிக்கு முந்தைய பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் சிரமப்பட்டுப் படிக்க வேண்டிய எழுத்தில், "இதற்கு முந்தைய உறுப்பினர் நிலை தொடர்பான கோரிக்கைகள் அனைத்தும் முழுமையாகத் தீர்க்கப்பட்டன" என்று ஒரு வரி வரும். அது இல்லாத உயர்த்தல் படிவத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

அது முடிந்ததும் ஒரு தொலைபேசி அழைப்பு வரும். முதல் முறையும் வந்திருக்கும், நினைவுபடுத்திப் பாருங்கள். இனிமையான குரலில் ஒரு பெண் கேட்பார்: "ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொண்டீர்களா சார்? எழுத்தில் இல்லாத வாக்குறுதி எதையாவது எங்கள் பிரதிநிதி தந்தாரா சார்?" பக்கத்தில் நிற்கும் விற்பனையாளர் கையை அசைத்து, "இல்லை என்று சொல்லுங்கள் சார், வெறும் சம்பிரதாயம்" என்பார். நீங்களும் இல்லை என்பீர்கள். லாஸ்பேட்டையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவருக்காக நுகர்வோர் ஆணையத்தில் நின்றபோது, எதிர்த்தரப்பு வழக்குரைஞர் ஒரு பென் டிரைவைத் தாக்கல் செய்தார். அதில் என் கட்சிக்காரரின் குரல், தெளிவாக, இரண்டு முறை "இல்லை மேடம்" என்றது. மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். மூன்று முறை அறை மறுக்கப்பட்டதற்கு மின்னஞ்சல்கள் வைத்திருந்தவர் அவர். நல்ல வழக்கு. மறுக்கப்பட்டதற்குப் பிறகு 1,500 புள்ளியை 2,500 ஆக்கினார், அப்புறம் 4,000 ஆக்கினார். அந்த மின்னஞ்சல்கள் மூன்றும் முதல் ஒப்பந்தத்துக்கு உரியவை. முதல் ஒப்பந்தம்தான் இல்லையே.

கடைசியில் எத்தனை புள்ளி என்ற உங்கள் கேள்வி. 3,500 என்ற எண் 3,450க்கு மேல் சரியாக 50 வைத்துத் தைத்த சட்டை. ஆனால் அதே பிற்சேர்க்கையின் அடியில் "நிறுவனம் அவ்வப்போது அட்டவணையைத் திருத்தலாம்" என்று இருக்கிறது. வாரநாள் 470, வார இறுதி 630 என்று திருத்தினால் ஏழு இரவுக்கு 3,610 வேண்டும். மறுபடி போதாது, மறுபடி ஞாயிற்றுக்கிழமை, மறுபடி ஓட்டல். 5,000 வாங்கினாலும் இதே கதைதான், கொஞ்சம் தள்ளி நடக்கும். நீங்கள் வாங்குவது புள்ளி. அறை, இருந்தால்தான் கிடைக்கும். பராமரிப்புக் கட்டணமோ அறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரும். உங்கள் ஒப்பந்தத்தில் புள்ளிக்கு 9 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. இப்போது ஆண்டுக்கு 22,302 கட்டுகிறீர்கள். 3,500 ஆனால் 37,170. விலையையும் சேர்த்துப் பார்த்தால், 6,00,000ஐ 25 ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 24,000. ஆக ஒரு வாரத்துக்கு 61,170, இரவுக்கு சுமார் 8,740 ரூபாய். கட்டணம் ஒரு பைசாகூட ஏறாது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. மே மாதக் கொடைக்கானலில் அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்று வாத்தியாருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இருக்கிற 2,100ஐயே ஓர் ஆண்டு விட்டு ஓர் ஆண்டு சேர்த்தால் 4,200. இரண்டு ஆண்டுக்கு ஒரு மே மாத வாரம். அதற்கு மேல் ஒரு புள்ளியும் வாங்காதீர்கள். இந்த ஒப்பந்தங்களில் ஏறுவதற்குப் படி இருக்கும், இறங்குவதற்கு இருக்காது.

தவணையை நிறுத்தாதீர்கள். கடன் கொடுத்தது வேறு நிறுவனம். உங்களுக்கு அறை கிடைத்ததா என்பது அவர்கள் கவலை இல்லை. நெய்வேலியிலிருந்து வந்த ஓர் இளம் தம்பதி கோபத்தில் வங்கிக்கு எழுதி, தானாகப் பிடிக்கும் தவணையை நிறுத்திவிட்டார்கள். பிணையாகக் கொடுத்திருந்த வெற்றுக் காசோலைகளை மறந்துபோனார்கள். காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவுப்படி குற்றம். போதிய பணமில்லாமல் மின்னணுத் தவணை திரும்பினாலும் 2007ஆம் ஆண்டின் கொடுப்பு மற்றும் தீர்வு முறைமைகள் சட்டம், 25ஆம் பிரிவு, ஏறக்குறைய அதே குற்றம்தான். வழக்கு நடப்பது கடலூரில் அல்ல. பணம் பெறுபவரின் வங்கிக் கிளை எங்கே இருக்கிறதோ அங்கே. அழைப்பாணை மும்பையிலிருந்து வந்தது. புகார்தாரராக இருந்தவர்கள் குற்றம் சாட்டப்பட்டவர்களாகிவிட்டார்கள், பேரம் பேசும் பலம் முழுவதும் கைமாறியது. உங்கள் மகன் பதினொன்றாம் வகுப்பு என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு ஆண்டில் கல்விக்கடன் கேட்கப் போகிறவர், 8,000 ரூபாய்த் தவணைக்காகச் சிபில் மதிப்பெண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நுகர்வோர் ஆணையத்தில் எப்படித் தாக்கல் செய்வது என்பதை விளக்கப்போவதில்லை. தெரியாதது ஒன்றுமில்லை, ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. நீங்கள் குடியிருக்கும் கடலூரிலேயே தாக்கல் செய்ய 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 34ஆம் பிரிவு இடம் தருகிறது. நடுவர் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும் என்ற பத்தியைக் காட்டிப் பயமுறுத்தினால், எம்மார் எம்ஜிஎஃப் எதிர் அஃப்தாப் சிங் வழக்கில் அந்தப் பத்தி இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரிலேயே பதில் சொல்லிவிட்டது. ஓர் எச்சரிக்கை மட்டும். ஒப்பந்தமே நியாயமற்றது என்று ஆவேசமாக எழுதிவிடாதீர்கள். "நியாயமற்ற ஒப்பந்தம்" குறித்த புகாரை மாவட்ட ஆணையம் விசாரிக்க முடியாது. சென்னையில் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். 4,200 புள்ளி இருந்தும் அறை மறுத்தது சேவைக் குறைபாடு என்பதோடு நிறுத்துங்கள்.

புகார் தாக்கல் செய்வதற்கான இரண்டு ஆண்டுக் காலவரம்பை உங்கள் எதிர்த்தரப்பு கையெழுத்திட்ட தேதியிலிருந்துதான் எண்ணும். அறை மறுக்கப்பட்ட தேதியிலிருந்து எண்ண வேண்டும் என்று நாம் வாதிடலாம், ஆனால் அந்த வாதம் தேவைப்படாத இடத்தில் இருப்பது நல்லது. வருகிற செப்டம்பரோடு முடிகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர்களோடு பேசிக்கொண்டிருப்பதாலோ, நோட்டீஸ் அனுப்புவதாலோ காலவரம்பு நீளாது. போன ஆண்டுப் புள்ளிகளும் ஆகஸ்டில் காலாவதியாகும்.

ஆனாலும் வழக்குக்கு முன் சமாதானம் பேசுங்கள். ஆணையம் வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறை எப்படி என்பதை நீங்கள் அறிவீர்கள், மேல்முறையீடு வேறு. இதுவரை தவணையும் முன்பணமுமாக 2,32,000 கொடுத்திருக்கிறீர்கள், இன்னும் 1,28,000 பாக்கி. உறுப்பினர் நிலையை ரத்து செய்து, பாக்கித் தவணைகளை அவர்களே நிதி நிறுவனத்துக்குக் கட்டித் தீர்த்து, கையில் ஒரு லட்சம் திருப்பித் தந்தால் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். முழுத் தொகையும் வேண்டும், மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் வேண்டும் என்று நின்றவர்கள் சிலரை எனக்குத் தெரியும், இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்கள். ஒரு லட்சம் வராது, எண்பதுதான் என்றாலும் நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் நிதி நிறுவனத்தின் நிலுவையில்லாச் சான்றிதழ் கைக்கு வந்து, பணமும் கணக்கில் ஏறிய பிறகுதான் அசல் உறுப்பினர் சான்றிதழை ஒப்படைக்க வேண்டும். பராமரிப்புக் கட்டணம் இனி கோரப்படாது என்ற வரியும் அந்தக் கடிதத்தில் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரிக்குப் போக வேண்டாம். சொல்ல வேண்டியதை எழுத்தில் அனுப்புங்கள் என்று அவர்களுக்கு ஒரு வரி எழுதிவிட்டு, மாலையில் மனைவியையும் மகனையும் அழைத்துக்கொண்டு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய் வாருங்கள். அதற்குப் புள்ளி கேட்கமாட்டார்கள். ஜூன் முதல் வாரத்துக்குள் அந்த மின்னஞ்சலுக்குப் பதில் வராவிட்டால், கட்டண ரசீதுகளோடும் ஏழாம் பக்கத்தோடும் ஒரு வழக்குரைஞரைப் பாருங்கள்.