கட்டிலுக்கு அடியில் நான்கு கட்டைகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் பேரன் பிறந்தபோது லெய்டனில் இருந்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நானும் நெதர்லாந்தில்தான், உட்ரெக்ட்டில் இருக்கிறேன். எட்டாம் மாதம், தலைப்பிரசவம். என்னைப் பார்க்கும் மருத்துவச்சி, "எல்லாம் நன்றாக இருக்கிறது, விரும்பினால் வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம்" என்கிறார். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்திருக்கிறது. கட்டிலை உயர்த்து என்கிறார்கள், இரண்டு வாளி என்கிறார்கள், உலோகத்தில் வெந்நீர்ப் புட்டி என்கிறார்கள். எது எதற்கென்று தெரியவில்லை. மதுரையிலிருந்து வரப்போகும் மாமியார் "இந்தக் காலத்தில் போய் வீட்டிலா?" என்று போனில் அழுகிறார். என்னவெல்லாம் வாங்கி வைக்க வேண்டும்? அவரிடம் என்ன சொல்வது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள மகளுக்கு,

மாமியார் அழுவதில் தப்பே இல்லை. நானும் அழுதேன், போனை வைத்த பிறகு. தமிழ்நாட்டில் இன்றைக்கு நூற்றுக்கு 99-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான். வீட்டுப் பிரசவம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது 2018-ல் திருப்பூரில் வீட்டிலேயே பிள்ளை பெற்று இறந்துபோன அந்த இளம்பெண்தான். அங்கே பயிற்சி பெற்ற யாரும் பக்கத்தில் இல்லை. உங்கள் வீட்டுக்கு வரப்போகிறவர் நான்கு வருடம் இதற்கென்றே பட்டப்படிப்பு படித்தவர். இரண்டையும் ஒரே பெயரால் சொல்வதால்தான் இத்தனை குழப்பம். மாமியாரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

என் அப்பத்தாவுக்கு ஒன்பது பிரசவம், எல்லாம் வீட்டில். இரண்டு பிள்ளைகள் ஏழு நாள் தாண்டவில்லை, ஜன்னி கண்டு போய்விட்டன. கொடி அறுத்தது கதிர் அரிவாளில். அது ரண ஜன்னி, டெட்டனஸ் என்று எனக்கே பின்னால்தான் தெரிந்தது. தாய்க்கும் சிசுவுக்கும் வரும் அந்த நோயை இந்தியா ஒழித்துவிட்டதாக அறிவிக்கப்பட்டதே 2015-ல்தான். உங்கள் அட்டைப்பெட்டியில் ஒரு சின்ன உறைக்குள் வெள்ளை பிளாஸ்டிக் கவ்வி இருக்கும், பாருங்கள். தொப்புள்கொடிக்குப் போடுவது. என் மகள் வீட்டில் அதை நெடுநேரம் கையில் வைத்திருந்தேன். உறையை மட்டும் பிரித்துவிடாதீர்கள். அதன் மதிப்பே பிரிக்காமல் இருப்பதில்தான்.

சரி, பெட்டிக்கு வருகிறேன். 'கிராம்பகெட்' என்பார்கள். கட்டில் மேல் விரிக்கும் உறிஞ்சு விரிப்புகள், மெத்தைக்கு பிளாஸ்டிக் விரிப்பு, பிரசவத்துக்குப் பிறகு உதிரத்துக்கு வைத்துக்கொள்ளும் பெரிய பட்டைகள், கிருமி நீக்கிய துணித்துண்டுகள், ஆல்கஹால், பஞ்சு, இந்தக் கவ்வி. நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும். இன்றே பிரித்து, மருத்துவச்சி தந்த பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாம் 37-ஆம் வாரத்துக்குள் தயாராக இருக்க வேண்டும். அதற்கு முன் வலி எடுத்தால் எப்படியும் மருத்துவமனைதான்.

நீங்கள் சேர்க்க வேண்டியவை: வாளி இரண்டு, ஒன்று அழுக்குத் துணிக்கு, ஒன்று குப்பைக்கு, இரண்டிலும் உள்ளே குப்பைப் பை. டிஜிட்டல் வெப்பமானி. குழந்தைக்குக் குல்லாய் இரண்டு, சட்டைகள், மெல்லிய பருத்தித் துணிகள் ஒரு டஜன். பழைய வேட்டி இருந்தால் அதுவே போதும், நம்மிடம் இல்லாத பழந்துணியா! அப்புறம் நல்ல வெளிச்சமுள்ள விளக்கு ஒன்று, தையல் போட வேண்டி வந்தால் தேவைப்படும். நாங்கள் இதை மறந்துவிட்டு மேசை விளக்கைக் கடன் வாங்கினோம்.

கட்டில் கதை தனி. மெத்தையின் மேற்பரப்பு 70-லிருந்து 80 சென்டிமீட்டர் உயரத்துக்கு வர வேண்டும். கட்டைகளை வாடகைக்கோ இரவலாகவோ தரும் கடைகள் இருக்கின்றன. மாப்பிள்ளை டேப் வைத்து மூன்று முறை அளந்தார். பிள்ளை சுலபமாகப் பிறப்பதற்கு ஏதோ சூட்சுமம் என்று நான் நினைத்திருந்தேன். அதெல்லாம் இல்லை, வேலை செய்ய வருகிறவர்களின் முதுகு வலிக்கக்கூடாது என்பதற்காக. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. நம் ஊரில் பிரசவம் பார்த்த எந்தக் கிழவியின் முதுகைப் பற்றி யார் யோசித்தோம்?

படங்களில் "வெந்நீர் போடு" என்று ஓடுவார்களே, அந்த வெந்நீர் இங்கே போவது உலோகப் புட்டிக்குள். குழந்தையின் படுக்கையைச் சூடாக்குவதற்கு. இரண்டு வாங்குங்கள், துணி உறையோடு. நீரை ஊற்றி, மூடியை இறுக்கித் திருகி, தலைகீழாகப் பிடித்துச் சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு உறை போட்டு, மூடி குழந்தைப் பக்கம் திரும்பாமல், குழந்தையிலிருந்து ஒரு கை அகலமாவது தள்ளி வைக்க வேண்டும். ஒட்டி வைத்தால் சுட்டுவிடும். சும்மா பதறிக்கொண்டிருக்கும் மாமியாருக்கு இந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள். எனக்கு அப்படித்தான் கொடுத்தார்கள்.

இத்தனையிலும் உயிர் காக்கும் பொருள் எதுவும் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? உதிரப்போக்கை நிறுத்தும் ஊசிமருந்து, பிராணவாயு, குழந்தை மூச்சுவிடத் திணறினால் வேண்டிய கருவி, தையல் சாமான், எல்லாம் மருத்துவச்சியின் பையில் வரும். நீங்கள் அவற்றைத் தேடி வாங்க வேண்டாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2011-ல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்று, சிக்கல் எதிர்பார்க்காத 64,000-க்கும் மேற்பட்ட பிரசவங்களைப் பார்த்தது. வீட்டில் பெறத் திட்டமிட்ட தலைப்பிரசவக்காரர்களில் நூற்றுக்கு 45 பேர் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள். ஏற்கெனவே பெற்றவர்களில் 12 பேர்தான். தலைப்பிரசவத்தில் குழந்தைக்குப் பெரிய சிக்கல் நேர்ந்தது மருத்துவமனையில் ஆயிரத்துக்கு 5.3 என்றால், வீட்டுத் திட்டத்தில் 9.3. இரண்டாவது பிரசவத்தில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. அது இங்கிலாந்துக் கணக்கு. உங்கள் ஊர் நிலவரத்தை மருத்துவச்சியிடம் கேளுங்கள். என்ன முடிவெடுப்பது என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் இந்த எண்களைப் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

என் மகளும் அந்த 45-இல் ஒருத்தியைப் போலத்தான். பனிக்குடம் உடைந்தபோது நீர் பச்சையாக இருந்தது. குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது. மருத்துவச்சி பதறவில்லை, போனை எடுத்தார், அவ்வளவுதான். பேரன் மருத்துவமனையில் பிறந்தான். வாளி, விரிப்பு, கட்டை எல்லாம் வீண் என்று நான் முணுமுணுத்தேன். ஆனால் மறுநாள் மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்! அதற்குப் பிறகுதான் அந்தப் பெட்டி தீர ஆரம்பித்தது. பட்டைகள், விரிப்புகள், வெந்நீர்ப் புட்டி, உயர்த்திய கட்டில் எல்லாமே அடுத்த எட்டு நாட்களுக்குத்தான் அதிகம் உதவின. 'கிராம்சோர்க்' என்ற பேறுகாலப் பராமரிப்புச் சேவையிலிருந்து ஒரு பெண் தினமும் வந்தார். அப்போது வழக்கமான கணக்கு எட்டுப் பத்து நாளில் 49 மணி நேரம். தாயின் தையலைப் பார்ப்பது, பால் கொடுக்கச் சொல்லித் தருவது, குழந்தையின் சூடு 36.5-க்கும் 37.5-க்கும் நடுவில் இருக்கிறதா என்று குறித்து வைப்பது, வீட்டையும் கொஞ்சம் ஒழுங்குபடுத்துவது. ஆகவே எங்கே பெறுவது என்று முடிவாகாவிட்டாலும் பொருளைச் சேர்க்கத் தயங்காதீர்கள். கூடவே மருத்துவமனைக்கு ஒரு பையையும் கட்டி வாசலில் வையுங்கள். இந்த இரண்டாவது பையை மாமியாருக்குக் காட்டுங்கள், அழுகை பாதி குறையும்.

அவர் லேகியம் கொண்டுவருவார், வரட்டும். சாப்பிடும் முன் உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று மருத்துவச்சியிடம் சொல்லிவிடுங்கள். குழந்தை நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தடவுவதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். அங்கே பிள்ளை பிறந்தால் வருகிறவர்களுக்கு, சர்க்கரை பூசிய சோம்பு தூவிய ரஸ்க் கொடுப்பார்கள். சோம்பு பால் சுரக்க நல்லது என்பது அவர்கள் பாட்டிமார் கணக்கு. மாமியாருக்கு அது பிடித்துப்போகும். எனக்குப் பிடித்தது.

எங்கள் வீட்டுக்குப் பார்வையிட வந்த மருத்துவச்சி குழந்தைச் சட்டைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஊர் மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்தாக இருக்குமே, அதைத்தான் மேலே நின்று கீழே பார்த்தார், ஸ்ட்ரெச்சர் எப்படி இறங்கும் என்று. உங்கள் படிக்கட்டில் சைக்கிளும் செருப்பும் கிடந்தால் இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
அம்மா