கேள்வி பதில்: காற்பென்னி ரொட்டி

கேள்வி: 1315ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தில் ஐரோப்பாவின் செழிப்பான வணிக நகரங்களிலும் மக்கள் மடிந்தார்களாமே! காசு புழங்கும் ஊரில் பட்டினிச் சாவு எப்படி நேர்ந்தது?

பதில்: காசு யார் கையில் புழங்கியது என்பதைப் பொறுத்தது அது. இன்றைய பெல்ஜியத்தில் உள்ள பிளாண்டர்ஸ் பகுதியின் ஈப்பர் நகரம் கம்பளித் துணிக்குப் பெயர்போனது. அங்கே நூற்றும் நெய்தும் சாயம் தோய்த்தும் வாழ்ந்தவர்களோ, அன்றைய கூலியில் அன்றைய ரொட்டியை வாங்கியவர்கள். 1315 வசந்தத்தில் பிடித்த மழை கோடையிலும் விடாததால் கதிர்கள் வயலிலேயே அழுகின. மறு ஆண்டும் அதே நிலை. ஒரு மூட்டை விதைத்தால் மூன்று, மிஞ்சினால் நான்கு மூட்டை கண்டுமுதல் காணும் காலம் அது. நான்கில் ஒன்றை விதைக்கு ஒதுக்கினால் உண்பதற்கு மூன்று மிஞ்சும். விளைச்சல் பாதியானால் மிஞ்சுவது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றிலும் உழவர் வீட்டுத் தேவை போகத்தான் நகரச் சந்தைக்கு வரும். ரொட்டிக்கே திண்டாடும் மக்கள் புதுத் துணி எடுக்க மாட்டார்கள் என்பதால், விலை ஏறிய அதே நேரத்தில் நெசவாளரின் வேலையும் குறைந்தது.

1316 மே முதல் அக்டோபர் வரை ஈப்பர் நகராட்சி தன் செலவில் அடக்கம் செய்த உடல்கள் ஏறத்தாழ 2,800. ஊரில் பத்தில் ஒருவர் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். அதே பிளாண்டர்ஸின் புரூஜ் நகரில் இருபதில் ஒருவர் அளவிலேயே இழப்பு நின்றது. மழை இரண்டு ஊருக்கும் பொதுதான். ஆனால் புரூஜுக்குக் கடல்வழி இருந்தது. தென் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த தானியத்தை நகராட்சியே வாங்கி, ரொட்டி சுடுவோருக்கு விற்றது. உள்நாட்டு ஊரான ஈப்பருக்கு அந்த வசதி இல்லை. சேறான பாதையில் மாட்டுவண்டியில் தானியம் கொண்டுவருவது கட்டுபடியாகும் காரியமும் அல்ல. தானியமே வராதபோது காசு இருந்தவர்களுக்கும் இதே பாடுதான்: 1315 ஆகஸ்டில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் எட்வர்ட் புனித ஆல்பன்ஸ் நகரில் தங்கியபோது, அவருடைய பரிவாரத்துக்கே ரொட்டி கிடைப்பது அரிதாக இருந்ததாம்.

கேள்வி: அரசு விலையைக் கட்டுப்படுத்தவில்லையா?

பதில்: கட்டுப்படுத்தியது, ஒரு விசித்திரமான முறையில். இங்கிலாந்தில் 13ஆம் நூற்றாண்டிலிருந்தே நடப்பில் இருந்த சட்டப்படி ரொட்டியின் விலை மாறாது, எடைதான் மாறும். கோதுமை விலை ஏற ஏற, காற்பென்னிக்கு, அதாவது பென்னிக் காசில் கால் பங்குக்கு, விற்கும் ரொட்டி எத்தனை எடை இருக்க வேண்டும் என்பதற்கு அட்டவணையே இருந்தது. குறைத்துச் சுட்டவருக்குத் தண்டனையும் உண்டு. இதில் சுடுபவருக்கு நட்டம் இல்லை. வழக்கம்போல் காற்பென்னியை நீட்டிய பெண்ணின் கையில், சட்டப்படி சரியான எடையிலேயே, போன ஆண்டு ரொட்டியில் பாதிகூட இல்லாத ஒன்று வந்து விழுந்தது. 1315இல் ஆடுமாடு, கோழிகளுக்கும் அரசு விலை நிர்ணயித்துப் பார்த்தது. சரக்கு சந்தைக்கு வருவதே நின்றுபோகவே, மறு ஆண்டே அந்த ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.