ரத்தம் நின்ற பிறகும் ஏன் மீண்டும் எண்டோஸ்கோப்பி?

கேள்வி: என் தந்தைக்கு 57 வயது. பல ஆண்டுகள் குடிப்பழக்கம் இருந்தது. சென்ற மாதம் திடீரென்று ரத்த வாந்தி எடுத்தார். கல்லீரல் சுருங்கிவிட்டது, உணவுக்குழாயில் ரத்தக்குழாய் புடைத்து வெடித்துவிட்டது என்று சொல்லி, எண்டோஸ்கோப்பி மூலம் வளையம் போட்டு ரத்தத்தை நிறுத்தினார்கள். மூன்று வாரம் கழித்து மறுபடி வளையம் போட வேண்டுமாம். "இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று அப்பா வர மறுக்கிறார். பி.பி. இல்லாத அவருக்கு பி.பி. மாத்திரையும் கொடுத்திருந்தார்கள், அதையும் நிறுத்திவிட்டார். போட்ட வளையம் உள்ளேயே இருக்குமா? மறுபடி போவது அவசியமா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அவசியம். அவருக்கு நின்றிருப்பது ரத்தக் கசிவுதான். கசிவுக்குக் காரணமான அழுத்தம் அப்படியே இருக்கிறது. குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் ரத்தம் போர்ட்டல் சிரை என்னும் பெரிய குழாய் வழியாகக் கல்லீரலுக்குள் சென்று, அதன் பிறகே இதயத்தை அடைகிறது. கல்லீரல் தழும்பேறி இறுகும்போது அந்த ரத்தம் உள்ளே நுழையத் திணறுகிறது. போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறி, ரத்தம் உணவுக்குழாயின் அடிப்பகுதியிலுள்ள மெல்லிய சிரைகள் வழியாகச் சுற்றிச் செல்லத் தொடங்குகிறது. கல்லீரலுக்குள் நுழையும் சிரைக்கும் அதிலிருந்து வெளியேறும் சிரைக்கும் இடையே இயல்பாக 5 மி.மீ. பாதரசத்துக்குள் இருக்க வேண்டிய அழுத்த வேறுபாடு 10-ஐத் தொடும்போது இச்சிரைகள் புடைக்கின்றன. 12-ஐத் தாண்டினால் வெடிக்கும் அபாயம் தொடங்குகிறது. ஒருமுறை ரத்தம் கசிந்த பின் சிகிச்சையைத் தொடராதவர்களில் சுமார் 60 விழுக்காட்டினருக்கு ஓரிரு ஆண்டுகளில் மீண்டும் கசிகிறது. அப்பாவிடம் எதை மறைத்தாலும் இதை மறைக்காதீர்கள்.

வளையம் போடும் முறையை அறிந்தால் மறுமுறை ஏன் என்பதும் விளங்கும். எண்டோஸ்கோப் குழாயின் நுனியில் ஒளி ஊடுருவும் சிறு மூடி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதன்மேல் ஆறேழு ரப்பர் வளையங்கள் இழுத்து மாட்டப்பட்டிருக்கும். மருத்துவர் புடைத்த சிரையின்மேல் மூடியை வைத்து உறிஞ்சும்போது, சிரை மூடிக்குள் ஏறித் திரை முழுவதும் சிவந்துவிடும். அந்த நேரம் பார்த்துக் கைப்பிடியிலுள்ள திருகைச் சுழற்றினால் ஒரு வளையம் நழுவிச் சிரையின் கழுத்தை இறுக்கிக்கொள்ளும். உறிஞ்சலை விட்டதும் சிறு நாவற்பழம் போன்ற ஊதா நிறக் குமிழ் ஒன்று தெரியும். இரைப்பைக்கு அருகில் தொடங்கி மேல்நோக்கி, ஒரே மட்டத்தில் சுற்றிலும் விழாதபடி இவ்வாறு வளையங்கள் இடப்படும். ரத்த ஓட்டம் அற்ற அந்தக் குமிழ் சில நாட்களில் உதிர, வளையமும் அதனுடன் கழன்று மலத்தில் போய்விடும். எனவே வளையம் உள்ளே தங்காது. அந்த இடத்தில் உண்டாகும் மேலோட்டமான புண் இரண்டு மூன்று வாரங்களில் ஆறுகிறது; அடுத்த அமர்வுக்கு அதற்குள் அவசரப்படாததும் இதனால்தான். ஒரே அமர்வில் எல்லாச் சிரைகளும் மறைவது அரிது. இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு அமர்வுகள் தேவைப்படும். முற்றிலும் மறைந்த பிறகும் மூன்று முதல் ஆறு மாதத்தில் ஒரு சோதனை, பிறகு ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஏனெனில் அழுத்தம் புதிய சிரைகளைப் புடைக்கச் செய்யும்.

மூல நோய்க்கு ரப்பர் வளையம் இடும் பழைய முறையிலிருந்து பிறந்ததுதான் இந்தச் சிகிச்சை. அமெரிக்காவின் டென்வர் நகரில் ஸ்டீக்மன் என்ற அறுவை மருத்துவர் 1980-களின் பிற்பகுதியில் இதை நோயாளிகளுக்குச் செய்து அறிவித்தார். அதற்கு முன் சிரைக்குள் மருந்தை ஊசியாகச் செலுத்தி இறுகச் செய்தார்கள்; அதில் புண்ணும் உணவுக்குழாய்ச் சுருக்கமும் அதிகம்.

இனி அந்த "பி.பி. மாத்திரை". அது ப்ரோப்ரனாலால் அல்லது கார்வெடிலாலாக இருக்கும். பி.பி.க்காக அது தரப்படவில்லை, போர்ட்டல் சிரையின் அழுத்தத்தைக் குறைக்கத் தரப்பட்டது. வளையம் சிரையை அடைக்கிறது, மாத்திரை அழுத்தத்தைத் தணிக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் மறுகசிவு நன்றாகக் குறைகிறது. மருந்துச் சீட்டில் ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திராது. அவர் நிறுத்தியதை இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆஸ்துமா இருந்தாலோ, மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே இறங்கினாலோ அளவை மாற்றுவதும் நிறுத்துவதும் மருத்துவரின் முடிவு.

வளையம் போட்ட ஓரிரு நாள் நெஞ்சு வலியும் விழுங்கச் சிரமமும் இருக்கும். முதல் நாள் ஆறிய திரவ உணவு, பிறகு சில நாட்கள் கஞ்சி, குழைந்த தயிர் சாதம் போதும். முறுக்கு, எலும்பு, முள் நிறைந்த மீன் வேண்டாம். வலிக்கிறதென்று மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் வாங்கிப் போடவே கூடாது. புண்ணிலிருந்தும் சிலருக்கு ரத்தம் கசியலாம். தார் போலக் கறுத்த மலம், ரத்த வாந்தி, தலைச்சுற்றல், குழம்பிய பேச்சு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் விடியும்வரை காத்திராமல் எண்டோஸ்கோப்பி வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மதுவை ஒரு சொட்டும் தொடாமலிருந்தால் போர்ட்டல் அழுத்தமே காலப்போக்கில் குறைய வாய்ப்புண்டு.

கேள்வி: எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. சர்க்கரை நோயும் கொழுப்புக் கல்லீரலும் முற்றிச் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்) ஆகியிருக்கிறது. ரத்த வாந்தி எடுத்ததே இல்லை. ஆனாலும் எண்டோஸ்கோப்பி செய்யச் சொல்கிறார்கள். தவிர்க்க முடியுமா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: சிலருக்கு முடியும். கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் சோதனையின் அளவு 20 கிலோபாஸ்கலுக்குக் கீழும், ரத்தத் தட்டணுக்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேலும் இருந்தால், வெடிக்கக்கூடிய பெரிய சிரைகள் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அத்தகையவர்கள் எண்டோஸ்கோப்பியைத் தள்ளிவைத்து, ஆண்டுதோறும் இவ்விரு சோதனைகளையும் செய்துகொண்டால் போதும். தட்டணு குறைந்திருந்தால் தட்டிக்கழிக்காதீர்கள். பெரிய சிரைகள் தெரிந்தால், கசிவதற்கு முன்பே மாத்திரையோ வளையமோ தொடங்கிவிடலாம்.